பிளிமத்தின் கூரை

சண்முகவேலுக்கு ஊரில் ஓடுகிற கார்களில் ஒன்றைத் தவிர எதுவும் பிடிக்காது. அம்பாசடர் எதிரே வந்தால் பிள்ளைத்தாச்சி வருகிறாள், வழி விடு என்பான். ஃபியட்டைப் பார்த்தால், முட்டியைக் காதில் சொருகிக்கொண்டு ஓட்டுகிற வண்டி என்பான். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அவன் இவ்வளவு வார்த்தைகூடச் செலவழிப்பதில்லை. தகர டப்பா, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, கார் வந்த அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பல்லை இளித்துக்கொண்டு நிற்கிற குடும்பங்களைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும். அற்பங்கள், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்பான்.

அவனுக்குப் பிடித்த அந்த ஒன்று 1961-ஆம் வருஷத்துப் பிளிமத். மேலே வெள்ளை, கீழே வெளிர்நீலம், முகம் முழுக்கக் குரோமியம். ஸ்டியரிங் இடது பக்கம். கியர் போடக் கம்பி கிடையாது, பொத்தானை அமுக்கினால் போதும். நுங்கம்பாக்கத்தில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி கப்பலில் வரவழைத்த வண்டி. சிந்தாதிரிப்பேட்டைச் சந்தில் கூவத்து நாற்றத்தோடு வளர்ந்த சண்முகவேல், அந்த அதிகாரியிடம் டிரைவராகச் சேர்ந்த அன்றைக்கு அதைப் பார்த்து வாயடைத்துப் போனான். அதற்கப்புறம் அவன் வாய் அடைத்ததே இல்லை.

அறுபத்தாறில் அதிகாரி ஊர் திரும்பினார். வண்டியைத் தியாகராய நகர் ஜவுளிக்கடை கருணாகரன் வாங்கினார். வண்டியோடு டிரைவரும் வந்தான், பொத்தானை அமுக்கத் தெரிந்தவன் வேறு எவனும் அகப்படவில்லை. கருணாகரன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துணி மூட்டையோடு ரயிலேறி வந்து, பத்தே வருஷத்தில் மூன்று மாடிக் கடை வைத்தவர். உழைப்பாளி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ராஜா மாதிரி உட்கார வேண்டிய பின்சீட்டில் புடவைக் கட்டுகளை ஏற்றினார். கடை வாசலில் நிறுத்திவைத்தால் கூட்டம் சேருகிறது என்று கண்டுபிடித்த பிறகு, வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம்.

கூட்டமும் நன்றாகத்தான் சேர்ந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பான். அடையாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனவன்கூட உண்டு. எத்தனை மைல் ஓடும், என்ன விலை, உள்ளே ரேடியோ பாடுமா என்று கேட்பான், கடைசியில் இரண்டு ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு போவான். சண்முகவேல் மஞ்சள் துணியால் மூக்குத் தடங்களைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவனையும் மனசுக்குள் திட்டுவான். சில நேரம் வாய்விட்டும் திட்டுவான். அவன் மனைவி மீனாட்சி, வீட்டுக்குச் சோப்பு வாங்க மறக்கிற மனுஷனுக்குக் காருக்குப் பாலிஷ் வாங்க மட்டும் எப்படி மறப்பதில்லை என்று தெருவே கேட்கும்படி கேட்பாள். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் அவன் பேசிய பேச்செல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான்.

இப்படி இருக்கையில் அறுபத்தொன்பது ஆவணியில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம் வந்தது. கருணாகரனின் கடைக் கட்டடத்தின் மேல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் மயிலாப்பூர் வக்கீல் சாரநாதன். கல்யாணம் அவர் பெண்ணுக்கு. பிராமண வீடுகளில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஜானவாசம் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, மாலையும் போட்டு, கூரையில்லாத காரில் உட்கார வைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, கோயிலிலிருந்து சத்திரம் வரைக்கும் ஊர்வலமாக அழைத்து வருவார்கள். மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டுமாம். ஆவணி வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேகிற ஒருவனை ஊர் பார்த்து என்ன செய்யப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஜானவாசத்துக்கென்றே வாடகைக்கு விடுகிற பழைய கார்கள் நாலைந்து ஊரில் இருந்தன. எல்லாம் எந்தக் காலத்திலோ கூரையை அறுத்தெறிந்த பெரிய கார்கள். அந்த முகூர்த்தத்துக்கு அத்தனையும் பேசி முடிந்திருந்தன.

வக்கீல் வீட்டம்மாள் பங்கஜம் கலங்கிப் போனாள். கலக்கத்தைத் தீர்த்தவர் வலியுல்லா. ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்தவர். தகரம் தட்டுவது, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் அவரே. வக்கீலின் வெள்ளை ஹெரால்டும் கருணாகரனின் பிளிமத்தும் அவர் கைக்குத்தான் போகும். எதற்குக் கார் தேடி அலைகிறீர்கள், ஹெரால்டின் கூரை உடம்போடு சேர்ந்ததில்லை, போல்ட்டில் நிற்பது, அரை நாளில் கழற்றித் தருகிறேன், கல்யாணம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்றார். வண்டிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருப்பதால் கூரை போனாலும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். பங்கஜம் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவன் சண்முகவேல். இரண்டு நாள் கழித்துக் கல்யாணப் புடவைக் கட்டுகளை வக்கீல் வீட்டில் இறக்கிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். பங்கஜம், புடவை வந்த சந்தோஷத்தில், ஹெரால்டு விஷயத்தை அவனிடமும் சொன்னாள். யாராவது அவன் அபிப்பிராயத்தைக் கேட்டார்களா? இல்லை. நல்லதும்மா என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஹெரால்டை ஒருவர் மரியாதையாகப் பேசுவதை அவன் காது பொறுக்கவில்லை.

"மாப்பிள்ள டில்லிலேர்ந்து வராருன்னு சொல்றீங்க. அவர இட்டுக்கினு வந்து இந்தத் தகர டப்பாவுலயா குந்த வெப்பீங்க? ரெண்டே கதவும்மா இதுக்கு. பாக்கறவன் சிரிப்பான்."

அவ்வளவுதான் சொன்னான். காபியை முடித்தான், போய்விட்டான், சொன்னதையும் மறந்துவிட்டான். ஒரு நாளைக்கு இப்படி நூறு சொல்வான், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது?

பங்கஜம் மறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள் என்ற ஒரு வார்த்தை அந்த வீட்டில் யாரையும் தூங்கவிடாது. அன்று ராத்திரியே வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை வக்கீல் கருணாகரனுக்கு டெலிபோன் செய்து, உங்கள் பெரிய காரைக் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வழக்கு நடக்கிற நேரத்தில் வக்கீல் ஒன்று கேட்டால் எந்தக் கட்சிக்காரன் இல்லையென்பான்? கருணாகரன் பூரித்துப்போனார்.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னபோது சண்முகவேலுக்கும் முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் பிளிமத். வலியுல்லாவிடம் கொண்டுபோய்க் கூரையை அறுத்துக்கொண்டு வா என்று அடுத்த வாக்கியத்தில் அவர் சொன்னார். அறுப்பதா என்று கேட்டான். அறுக்காமல் ஜானவாசம் எப்படி, கூரை போனாலும் நல்லதுதான், அப்புறம் பொம்மைகளுக்குப் புடவை கட்டி உள்ளே உட்கார வைத்துக் கடை வாசலில் நிறுத்தலாம் என்றார். அதையும் யோசித்து வைத்திருந்தார்.

அன்றைக்குச் சண்முகவேல் பேசியதுபோல் வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் பேசியதில்லை. இதன் கூரையில் மட்டும் கை வைக்காதே என்று தூதரகத்தில் வண்டி பார்த்த மெக்கானிக் சொன்னதைச் சொன்னான். வலியுல்லாவைக் கூட்டிவந்து அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னான். அவரும் முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து, பழைய பெரிய கார்களுக்கு இருந்த அடிச்சட்டம் இதற்குக் கிடையாது, தரையும் தூணும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டி நிற்கிறது, கூரையை எடுத்தால் நடுவில் தொய்ந்துபோகும் என்றார். கருணாகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனாம் பெரிய வண்டி தொய்யும், அந்த இத்தனூண்டு ஹெரால்டு நிற்குமா என்பது அவர் கேள்வி. கணக்கில் புலியாக இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் வரும்.

"எலே வேலு, கூரையத்தான எடுக்கச் சொல்லுதேன், உன் தலையவா எடுக்கச் சொல்லுதேன்?" என்றார் கருணாகரன். "கல்யாணக்காரங்களே ஆசப்பட்டுக் கேக்காங்க. நான் என்ன செய்ய முடியும்?"

ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்றதும்தான் சண்முகவேலுக்குச் சொரேலென்றது. யார் ஆசைப்பட வைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. வக்கீல் வீட்டம்மாள் வாயால் பிளிமத் வேண்டாம் என்று வரவேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பஸ்ஸில் லஸ் முனையில் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே வக்கீல் வீட்டுக்குப் போனான். பங்கஜம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹெரால்டு நின்றது. அதைக் காட்டி அவன் பேச வேண்டும். வாய் வரவில்லை. ஏழெட்டு வருஷமாக அந்த வண்டியை ஏசி ஏசிப் பழகிய நாக்கு, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் புரண்டு கொடுக்க மறுத்தது. கடைசியில் ஹெரால்டு கெட்டியான வண்டிதான், அடிச்சட்டம் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இதுவே அழகாக இருக்கும் என்றான். அழகு என்ற சொல்லைச் சொல்லும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்கஜம் கோலமாவுக் கையோடு நிமிர்ந்தாள்.

"ஏம்ப்பா, டப்பான்னு நீதானே சொன்னே? சம்பந்தியாத்துக்குப் பிளிமத் வரதுன்னு லெட்டர் போட்டாச்சு. இப்போ வந்து நின்னுண்டு இதுதான் அழகுங்கறே. உன் மொதலாளிக்குக் கொடுக்க இஷ்டமில்லையா?"

இல்லம்மா, முதலாளிக்கு இஷ்டம்தான், என்னுடைய தப்பு, நான் சும்மா சொன்னது என்றான். சும்மா சொன்னானாம்! அவள் நம்பவில்லை. நம்பாதது அவள் குற்றமில்லை. வெறுப்பாகச் சொன்ன சொல்லை ஊர் உடனே நம்பும், கெஞ்சிச் சொன்னதை எதற்கு நம்ப வேண்டும்? இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். அவள் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் அறுத்தார்கள். வலியுல்லா தன்னால் ஆனதைச் செய்தார். ரம்பத்தை எடுக்குமுன் அடியில் இரண்டு கோண இரும்பை நீளவாக்கில் வைத்து வெல்டிங் செய்தார். செய்துவிட்டு, இது கல்யாணத்துக்குத் தாங்கும், கூட்டத்துக்குத் தாங்காது, மாப்பிள்ளையோடு இரண்டு பேர், டிரைவர் ஒருவன், அதற்கு மேல் ஒரு பூனைக்குட்டியைக்கூட ஏற்றாதே என்று எச்சரித்தார். தூண்கள் ஒவ்வொன்றாக அறுபடும்போது சண்முகவேல் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டான். திரும்பி வந்தபோது வெள்ளைக் கூரை பட்டறை மண்ணில் மல்லாந்து கிடந்தது, அதன்மேல் கோழி ஏறி நடந்துகொண்டிருந்தது. அவன் அழுதான். வலியுல்லா பார்க்காததுபோல் கையைக் கழுவிக்கொண்டார்.

ஜானவாசத்தன்று சாயங்காலம் கோயில் வாசலில் பிளிமத் பூச்சரத்தோடு நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூரையில்லாமலும் அதைப் பார்த்து ஜனம் வாயைப் பிளந்தது. டில்லி மாப்பிள்ளை பின்சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்தார். ஏதோ சர்க்கார் இலாகாவில் உத்தியோகம், கழுத்து வரை பொத்தான், முகத்தில் வேர்வை. அது வரைக்கும் எல்லாம் சரி.

ஆனால் ஜானவாசக் காரில் குழந்தைகள் ஏறுவது வழக்கம். இரண்டு வீட்டுக் குழந்தைகள், அண்டை வீட்டுக் குழந்தைகள், யாரென்றே தெரியாத தெருக் குழந்தைகள் எல்லாம் மாப்பிள்ளையைச் சுற்றி ஏறிக்கொள்ளும். யாரும் இறங்கு என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் அபசகுனம். பட்டறையில் எச்சரித்த வலியுல்லாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த சண்முகவேலுக்கும் தெரியாது. தெரிந்த கல்யாணக்காரர்களுக்கோ அடிச்சட்டத்தைப் பற்றித் தெரியாது. சண்முகவேல் திரும்பிப் பார்க்கும்போது ஒன்பது குழந்தைகள், மறுபடி பார்க்கும்போது பதினாலு, கூடவே பூ இறைக்க ஒரு மாமா, விசிறி வீச ஒருவர். இறங்குங்கள், வண்டி தாங்காது என்று சத்தம் போட்டான். பங்கஜத்தின் தம்பி, நல்ல நாளும் அதுவுமாகக் குழந்தைகளை விரட்டாதே, இவ்வளவு பெரிய வண்டிக்கு என்ன கேடு என்று அவனை அடக்கினார்.

பொத்தானை அமுக்கினான். நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டினான். பின்னால் வயசானவர்களை ஏற்றிக்கொண்டு, கூரையோடு, ஹெரால்டு வந்துகொண்டிருந்தது. தெற்கு மாட வீதி திரும்பும் இடத்தில் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடின பள்ளம். முன் சக்கரம் இறங்கி ஏறிற்று. பின் சக்கரம் இறங்கும்போது அடியில் மளுக்கென்று ஒரு சத்தம். சண்முகவேல் அந்தச் சத்தத்தைக் கால் வழியாகத்தான் கேட்டான். வண்டி நடுவில் குழிந்து, வயிறு தரையைத் தொட்டு நின்றது. நாதஸ்வரம் பாதிப் பாட்டில் நின்றது. குழந்தைகளுக்கு ஒரே குதூகலம், இன்னொரு தரம் என்று கத்தின.

நாலு கதவும் இறுகிவிட்டன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்றார்களே, ஊர் நன்றாகப் பார்த்தது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கிய பிறகு, சமையல்காரர்கள் இரண்டு பேர் வந்து மாப்பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கதவுக்கு மேலாக வெளியே எடுத்தார்கள். கோட்டு கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஒரு பொத்தான் போயிற்று. சத்திரம் இன்னும் இரண்டு தெரு தள்ளி. மாப்பிள்ளையை நடக்க விட முடியுமா? ஹெரால்டிலிருந்த வயசானவர்களை இறக்கி நடக்க விட்டுவிட்டு, அவரைக் குனிய வைத்து அதற்குள் திணித்தார்கள். டில்லி மாப்பிள்ளை கடைசியில் தகர டப்பாவில்தான் சத்திரத்தில் வந்து இறங்கினார். ஆரத்தி எடுத்தார்கள், எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவரும் ஹெரால்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சண்முகவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. அவனைத் தூக்கி இறக்க யாரும் வரவில்லை.

கடைக்குத் தள்ளிக்கொண்டு போன வண்டியைக் கருணாகரன் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்காத காரில் பொம்மையைக்கூட உட்கார வைக்க முடியாது என்று தெரிந்ததும் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டார். பள்ளத்தில் விட்டது டிரைவர்தான் என்று சொல்லிச் சண்முகவேலையும் நிறுத்தினார். அவன் நாலு மாதம் சும்மா இருந்தான். பிறகு வக்கீல் சாரநாதனுக்குக் கண்ணில் சதை வளர்ந்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டு அங்கே போய் நின்றான். பங்கஜம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டப்பாதான், ஓட்டுவாயா என்று கேட்டாள். ஓட்டறேம்மா என்றான்.

ஓட்டினான். அதற்கடுத்த தை மாதம் வக்கீலின் தங்கை பெண் கல்யாணத்து ஜானவாசத்துக்கு வலியுல்லா அரை நாளில் ஹெரால்டின் கூரையைக் கழற்றினார். பன்னிரண்டு குழந்தைகள் ஏறின, ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் கூரை திரும்ப ஏறிற்று. அதற்கப்புறம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் யாராவது வந்து வக்கீலிடம் வண்டி கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சண்முகவேல் ஈக்காட்டுத்தாங்கல் போய், போல்ட்டுகளைத் தொப்பியில் வாங்கி வைத்துக்கொண்டு நிற்பான். பட்டறை ஓரத்தில் பிளிமத்தின் கூரை நாலு கழியின்மேல் நின்றது. புதுப்பேட்டைக்காரன் உடம்பை எடுத்துப்போனதோடு சரி, இதைத் தேடி வரவில்லை. வலியுல்லா அதன்கீழ் ஆடுகளைக் கட்டியிருந்தார். அது நல்ல கூரை, ஒரு சொட்டு ஒழுகாது.

எழுபத்துநாலில் ஒரு நாள் அங்கே ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்தான். கறுப்புக் கண்ணாடி, அலட்டல். அறுபதுகளில் வந்த பெரிய கார்தான் படத்துக்கு வேண்டும், இப்போது வருகிற எதற்கும் அந்தக் களை கிடையாது, ஊரெல்லாம் தேடுகிறேன் என்று வலியுல்லாவிடம் அளந்துகொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக ஆட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பினான். நின்றுவிட்டான். கிட்டே போய்க் கூரையின் ஓரத்தைத் தடவினான். காரைத் தெரிந்தவன்தான், அதில் சந்தேகமில்லை.

"இது பிளிமத்து ஆச்சே பாய். இத எந்த மடையன் அறுத்தான்?"

வலியுல்லா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ரம்பம் பிடித்தது அவர்தானே, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார்.

"பாய் இல்ல சார்," என்றான் சண்முகவேல். "அந்த மடையன் நான்தான்."

அந்த ஆள் திரும்பினான். அவனைப் பார்த்தான், அவன் கையில் போல்ட்டுகளோடு இருந்த தொப்பியைப் பார்த்தான், பின்னால் மொட்டையாக நின்ற ஹெரால்டைப் பார்த்தான். உதட்டைச் சுழித்தான்.

"அத அறுத்துட்டு இந்தத் தகர டப்பாவ ஓட்டிக்கினு கீறியாக்கும்?"

வலியுல்லாவுக்கு உள்ளுக்குள் பயம், சண்முகவேல் பதிலுக்கு என்னென்ன பேசப் போகிறானோ என்று. சண்முகவேல் ஹெரால்டை ஒரு பார்வை பார்த்தான். இத்தனை வருஷம் கழிந்தும் அவனுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொன்னால் பொய்.

"டப்பாதான் சார்," என்றான். "ஆனா இதோட கூரைய எடுத்தா திரும்ப மாட்டிக்கலாம்."

சொல்லிவிட்டுத் தொப்பியை வலியுல்லாவிடம் நீட்டினான். அவர் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து முடுக்க ஆரம்பித்தார்.